பிரபுவுக்காக எழுந்தவர்கள்

மதியம் மூன்றேகால் மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. அவள் கணவன் வீட்டில் இல்லை. பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. பூட்டிக் கிடக்கும் அந்தக் கூடத்தில் கணவன் வம்சத்தில் செத்துப்போன பிரபுக்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி, இப்போது ஒன்பது. பிரபு பட்டம் வைத்திருப்பவர் நடையைக் கடந்தால் அத்தனையும் தரையைக் கரகரவென்று உரசிக்கொண்டு, யாரோ எழுந்திருப்பதுபோலப் பின்னுக்கு நகரும். வேறு யார் போனாலும் மூச்சுக் காட்டாது. கல்யாணமாகி வந்த புதிதில் எலி என்று நினைத்தாள். "எலி இல்லம்மா, பெரியவங்க மரியாதைக்கு எழுந்திருக்காங்க" என்றார் மாமனார், பல்லைக் குத்திக்கொண்டே. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு காலையில், தண்ணீர் குடிக்க இறங்கி வந்த அவள் கணவனுக்காக நாற்காலிகள் எழுந்தன. பத்து நிமிஷம் கழித்துத்தான் சாவுச் செய்தி வந்தது.

பட்டமாம், பெரிய பட்டம்! யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று உறவுக்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். இந்த யானை வாரத்தில் ஆறு நாள் டிரைவிங் ஸ்கூலில் கிளட்சை மிதிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் ஒழுகும் கூரைக்கடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தது. பிரபு என்ற பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் தலையில் இது விடியக்கூடாது என்று ஒரு வருஷம் நச்சரித்து, பட்டம் வேண்டாமென்று கையெழுத்துப் போட இன்றைக்குத்தான் கணவனைப் பட்டம் பதியும் ஆபீஸுக்கு அனுப்பியிருந்தாள்.

நடைக்கு வந்து பார்த்தாள். ஒன்பது வயதுப் பெரியவன் பந்தும் கையுமாக நின்றிருந்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. சும்மா நடந்தேன்."

"எங்க, திரும்ப நட."

நடந்தான். கூடத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பதும் எழுந்தன.

பட்டம் இவனுக்கு வந்துவிட்டதென்றால், இவன் அப்பா? கணவனுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தாள். வெளியே மழை, வழுக்கும் ரோடு, ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் எந்த லாரிக்கடியில் கிடக்கிறானோ. கதவிடுக்கு வழியாக ஈரத்துணியும் பழைய தலையெண்ணெயும் கலந்த நாற்றம் மெதுவாகக் கசிந்து, நடை முழுக்கப் பரவி, அவள் தொண்டைவரை வந்தது.

"அம்மா, உள்ள யாரோ பிரபுன்னு கூப்பிடறாங்க. என்னையா?"

கதவின் கைப்பிடி திரும்பியது. உள்ளிருந்து.

"ஓடு. எதிர்வீட்டு டாக்டரம்மாகிட்ட போ."

"தம்பி?"

"தூங்கறான். நான் தூக்கிட்டு வரேன். நிக்காத, ஓடுடா!"

ஓடினான். செருப்புச் சத்தம். வெளிக்கதவு. மழை.

போன் அடித்தது.

"கையெழுத்து போட்டாச்சு! உள்ள போகும்போதே போனை வாங்கி வெச்சுட்டாங்க" என்றான் கணவன். உயிரோடு. சிரித்துக்கொண்டு.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஒண்ணு மட்டும் இடிக்குது. பட்டம் ஒழியாதாம். நான் விட்டா உடனே அடுத்த வாரிசுக்குப் போயிடுமாம். மூணேகாலுக்கே பெரியவன் பேருக்கு மாத்திட்டாங்க. பதினெட்டு வயசானா அவனும் வேண்டாம்னு எழுதிக்கொடுக்கலாமாம். என்ன, கேக்குதா?"

அவ்வளவுதானா. யாரும் சாகவில்லை. பிள்ளையைத் திரும்பக் கூப்பிட அவள் வாயெடுத்தாள்.

ரோட்டில் ஒரு வண்டி நீளமாகக் கிறீச்சிட்டது.

அப்புறம் மழை மட்டும்.

தூக்கம் கலைந்த சின்னவன், இரண்டு வயது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடையில் தத்தித் தத்தி வந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம். அங்கேயே நில்லு.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒன்பது.

கதவு தானாகத் திறந்தது. பின்னுக்குத் தள்ளிய ஒன்பது காலி நாற்காலிகள். சின்னவன் வாசலில் நின்று தலையை அண்ணாந்து, ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போவதுபோல, ஒவ்வொரு நாற்காலிக்கு மேலேயும் பார்த்துக்கொண்டே போனான்.

"பெரியவன்கிட்ட போனைக் குடு" என்றான் கணவன். "அவன்கிட்ட நானே சொல்றேன்."