மேப் காட்டிய பாலம்

போன் அடித்தது.

ரதி எடுக்கவில்லை. அவள் தலை ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. வாயில் இரண்டு ஸ்குரு.

போன் விடுவதாக இல்லை. ஸ்குருவைத் துப்பிவிட்டு எடுத்தாள்.

"ரதியா? இன்ஸ்பெக்டர் ரவிச்சந்திரன் பேசுறேன்."

"சொல்லுங்க சார். என் தம்பியை விட்டுட்டீங்களா?"

"விடறதுக்கா நான் போன் பண்ணுவேன்? நாளைக்குக் காலையில சுகுமாறனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறோம். கொலைக் கேஸ்ம்மா. நல்ல லாயரா பாருங்க."

"அவன் கொல்லலை."

"அவன் போன் வேற மாதிரி சொல்லுதே... ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒன்னே காலுக்கு அந்தப் போன் தம்பிராஜா பங்களா வாசல்ல இருந்திருக்கு. உள்ள அவர் செத்துக் கிடக்கறார். மண்டையில அடி."

"திருவிழாச் சாப்பாடு கொண்டு போனான் சார். எஸ்டேட் கணக்கெழுதின எங்க கிராணி தம்பிராஜா ஐயாவுக்கு வருசா வருசம் அவன்தான் கொண்டு போவான்."

"போன மாசம் லாரியால வேலியை இடிச்சு, அவர்கூடச் சண்டை போட்டவனும் அவன்தானே?"

"சண்டை போட்டவன் சோறு கொண்டு போகக் கூடாதா? எங்க எஸ்டேட்ல காலையில சண்டை போட்டவங்க மத்தியானம் ஒரே பந்தியில உக்காருவாங்க சார்."

"அவரோட கைத்தடியைக் காணோம். அதை எங்க போட்டான்னு முதல்ல உங்க தம்பியைச் சொல்லச் சொல்லுங்க. அடிச்சது அதாலதான்."

"போடாதவன் எப்படிச் சொல்லுவான்?"

"அப்ப நீங்க ஆதாரம் கொண்டு வாங்க."

"கொண்டு வரேன். நாளைக்குக் காலைக்குள்ள கொண்டு வரேன். சாமான் கட்டி அனுப்பற மாதிரி அவனைக் கோர்ட்டுக்கு அனுப்ப விடமாட்டேன்."

வைத்தாள். துப்பிய ஸ்குருவைத் தேடி எடுத்தாள்.

நீலாயில் ரதியின் கடையை எல்லோருக்கும் தெரியும். காரோடு வரும் மேப் திரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போனோடு சேரும் திரையைப் பொருத்துவது அவள் தொழில். பழைய திரைகளை அவளுக்குக் கண்டாலே ஆகாது. புது நெடுஞ்சாலையில் ஏறினால் கார் காட்டுக்குள் மிதப்பதாகக் காட்டும். ஊர்ப்பேர் அடிப்பதற்குள் ஊரே வந்துவிடும். அந்த மேப்பைப் புதுப்பிக்கக் கம்பெனிக்காரன் கேட்கிற காசில் நல்ல போனே வாங்கிவிடலாம். இந்த அழகில் அதற்கு ஒரு குரல் வேறு... மாமியார் மாதிரி.

வாசலில் ஒரு வெள்ளி நிறக் கார் வந்து நின்றது. இறங்கியவனுக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"சிஸ்டர், என் பேரு நிஷாந்தன். இந்த ஸ்க்ரீனைக் கழட்டிட்டு போன் கனெக்ட் ஆகிறது போடணும். இன்னைக்கே வேணும்."

"எல்லாருக்கும் இன்னைக்கேதான் சார் வேணும். சாயங்காலம் நாலு மணி ஆகும்லா."

"பரவாயில்ல. ஆனா பழைய பெட்டியை எங்கிட்டயே கொடுத்துடணும்."

"எதுக்கு சார்? பழைய இரும்புக்காரன்கூட அதை எடுக்க மாட்டான்."

"என் கையாலயே உடைக்கணும். அவ்வளவு வெறுப்பு."

ரதிக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. சிரித்தபடி ஸ்குரு டிரைவரை எடுத்தாள்.

"அப்படி என்ன சார் பண்ணுச்சு?"

"என்ன பண்ணலை? நான் எப்பவும் போன் மேப்தான் பார்ப்பேன். ஒரே ஒரு நாள் இதை நம்பிப் போனேன். பாலமே இல்லாத ஆத்துக்குக் கொண்டு போய் நிறுத்திட்டு 'நேராகச் செல்லவும்'ங்குது. ரெண்டு இரும்பு மட்டும் நிக்குது சிஸ்டர், பலகை ஒன்னுகூட இல்ல. ஷூவெல்லாம் நனைஞ்சு... சே!"

"எந்தப் பக்கம் சார்?"

"ஏதோ எஸ்டேட். அதை விடுங்க. ஆறு மணிக்கு நான் சர்ச்ல இருக்கணும். பெரியப்பா இறந்துட்டாரு."

"ஐயோ. எங்க இருந்தாரு?"

"கோலா கிளாவாங் தாண்டி, பத்தாங்கட்டை எஸ்டேட். பழைய பெரிய கிராணி."

ஸ்குரு டிரைவர் நின்றது.

ரதி பிறந்து வளர்ந்தது பத்தாங்கட்டையில். அங்கே ஒரே ஒரு பெரிய கிராணிதான் உண்டு.

"பேப்பர்ல பார்த்தேன்" என்றாள். குரலை உடையவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

"யாரோ ஒரு லாரிக்காரன் அடிச்சுக் கொன்னுட்டான். பிடிச்சுட்டாங்க."

யாரோ ஒரு லாரிக்காரன்!

பத்து வயதில் அம்மாவை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"நீங்க பக்கத்துல இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் சார்."

"எங்க? ஞாயித்துக்கிழமை பூரா நான் பாரோய்ல இருக்கற என் வீட்டை விட்டு நகரலை. போலீஸ்கூட என் போனை வாங்கிச் செக் பண்ணிட்டாங்களே."

கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். பிறகு எதிர்க் கடையில் டீ குடிக்கப் போனான்.

ரதி திறந்து கிடந்த டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்தாங்கட்டையின் பின்பக்கம் ஓர் ஆறு. அதன்மேல் ரப்பர் வெட்டிய கித்தாக் காலத்துப் பலகைப் பாலம். புது ரோடு வந்தபிறகு அதில் ஆடுதான் போகும், மோட்டார் சைக்கிள்தான் போகும். பலகை ஒன்றுகூட இல்லை என்கிறானே...

பலகை இருக்கிறது. முந்தாநாள் மாலை அவளே அந்தப் பாலத்தில் மோட்டார் ஓட்டினாள்.

அது இல்லாமல் போவது வருடத்தில் ஒரே ஒரு பகல்தான். மாரியம்மன் திருவிழா அன்று காலை பத்து மணிக்குப் பலகைகளைக் கழற்றுவார்கள். ஆற்றிலேயே தேய்த்துக் கழுவி, கோயில் பந்தியில் மேசையாகப் போடுவார்கள். மேசை வாங்க வசதியில்லாத காலத்தில் தொடங்கிய வழக்கம். வசதி வந்தபிறகும் யாரும் விடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி பூட்டிவிடுவார்கள்.

இந்த வருடத் திருவிழா, போன ஞாயிற்றுக்கிழமை.

எஸ்டேட் பக்கமே அவள் பார்த்திராத இந்த டவுன்காரனுக்கு இது எப்படித் தெரியும்? பாலம் உடைந்து பல வருடமாகிவிட்டது என்று நினைத்துவிட்டான்.

ரதி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் சொன்னாள்.

"வேற நாள்ல பார்த்திருக்கலாம்" என்றார் அவர்.

"வேற நாள்ல பலகை இருக்கும் சார்!"

"அவன் போன் பாரோய்ல இருந்துச்சும்மா."

"போன் இருந்துச்சு. அவன் இருந்தானா? எப்பவும் போன் மேப் பார்க்கறவன் அன்னைக்கு மட்டும் ஏன் அந்தக் குப்பையை நம்பினான்? போனைச் சாட்சிக்கு வீட்டுல விட்டுட்டு வந்திருக்கான். முன் கேட்டுல காவலுக்கு ஜாகா நிப்பான், அதனால பின்வழி. பின்வழி அவனுக்குத் தெரியாது. கார் மேப்புலதான் பழைய ரோடு இன்னும் இருக்கு."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"சரி. இதெல்லாம் அவன் உங்ககிட்டச் சொன்னான்ங்கறதுக்குச் சாட்சி யாரு?"

"நான்தான்."

"நீங்க குற்றவாளியோட அக்கா. அது எடுபடாது. அவன் வாயால நான் கேக்கணும்."

போன் வைக்கப்பட்டது.

"கேப்பீங்க சார்" என்றாள் ரதி, அணைந்துபோன போனிடம்.

நாலு மணிக்குப் புதுத் திரை தயார்.

நிஷாந்தன் வந்தான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். ரதி பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மடியில் பழைய பெட்டி. திரை கறுப்பாக இருந்தது.

"என்ன சிஸ்டர், ஒன்னும் வரலையே?"

"புதுசு சார். முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரைக்கும் ஒன்னு கேக்கறேன்... அந்தப் பலகை இல்லாத பாலம், பத்தாங்கட்டைப் பாலம்தானே?"

"ஏன்?"

"அது என் எஸ்டேட் சார். நான் அந்த லாரிக்காரனோட அக்கா."

நிஷாந்தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அந்தப் பாலத்துல எப்பவும் பலகை இருக்கும். ஞாயித்துக்கிழமை ஒரு பகல் மட்டும்தான் இல்லை. கோயில்ல நாங்க அதுமேலதான் இலை போட்டுச் சாப்பிட்டோம். நீங்க பாரோய்ல இருந்துக்கிட்டு அங்க எப்படி ஷூவை நனைச்சீங்க?"

'டக்.' கதவுகள் நான்கும் பூட்டிக்கொண்டன.

"அந்தப் பெட்டியைக் கொடு."

சிஸ்டர் போய் ஒருமை வந்திருந்தது.

"கொடுக்கலைன்னா?"

"இந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போக மாட்டே."

"மிரட்டாதீங்க சார். நான் ஒரு நாளைக்குப் பத்து காரைக் குடைஞ்செடுக்கறவ. ஸ்குரு டிரைவர் என் கையிலதான் இருக்கு."

அவன் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினான். கதவைத் திறந்து வெளியே சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தான். ஒருமுறை... இருமுறை... மூன்றாவது அடியில் கண்ணாடியும் தகடும் சிதறின. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு ரதியைப் பார்த்துச் சிரித்தான்.

"முடிஞ்சது. நான் போன இடம் இதுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப போய்ச் சொல்லு, பலகைக் கதையை. எவன் நம்புவான்?"

"ஏன் சார் கொன்னீங்க? உங்க சொந்தப் பெரியப்பா."

"எண்பது வயசுல அந்த நிலத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாரு? ஒரு கையெழுத்துதான் கேட்டேன். தடியை ஓங்கினாரு. பிடுங்கினேன், ஒரே அடி. அவ்வளவுதான்."

"தடி?"

"பாலத்துக்கிட்ட, நான் காரை நிறுத்தின பக்கம், ரெண்டாவது இரும்புக்குக் கீழ சேத்துல செருகியிருக்கேன். கிடைச்சாலும் பழி உன் தம்பிக்குத்தான். என் போன் அன்னைக்குப் பூரா பாரோய்ல தூங்குச்சு!"

"முடிச்சிட்டீங்களா சார்?"

"முடிச்சிட்டேன். என்ன பண்ணுவே?"

"நான் ஒன்னும் பண்ண மாட்டேன். நீங்க கேட்டதைத்தான் பண்ணியிருக்கேன். போனோட கனெக்ட் பண்ணியாச்சு. ஆனா டெஸ்டிங்குக்கு நான் சேர்த்தது என் போனை. முதல் கால் உங்களுக்குத்தான்."

திரையைத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. அவன் ஏறுவதற்கு முன்பே போட்ட கால்; திரை நடுவில் ஓடிக்கொண்டிருந்தது நேரம். பதினோரு நிமிடம், நாற்பது விநாடி.

நாலு ஸ்பீக்கரிலும் ஒரே குரல் கேட்டது.

"மிஸ்டர் நிஷாந்தன், இன்ஸ்பெக்டர் ரவிச்சந்திரன். நல்லாக் கேக்குது. கையை ஸ்டீரிங் மேல வைங்க. வாசல்ல நீலாய் பாலாய் போலீஸ்காரங்க நிக்கறாங்க."

நின்றார்கள்! ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம்.

நிஷாந்தன் கையை ஸ்டீரிங் மேல் வைத்தான். கைவிலங்கோடு இறங்கும்போது உடைந்த பெட்டியைப் பார்த்தான். முகத்தில் ஒரு சின்னத் திமிர் திரும்பி வந்தது.

"போன்ல பேசினது நானில்லைன்னு கோர்ட்ல சொல்லுவேன். என் வண்டி அங்க போனதுக்கு ஆதாரம் எங்க? இந்தா கிடக்கு, துண்டு துண்டா."

"அதுவா?" என்றாள் ரதி. "அது போன வாரம் ஒரு வாத்தியார் வண்டியில கழட்டினது சார். உங்களோடது உள்ள அலமாரியில பத்திரமா இருக்கு. மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், பத்தாங்கட்டை, பழைய பாலம். ஒரு எழுத்து அழியலை."

திமிர் இறங்கிவிட்டது. ஆள் போலீஸ் வண்டியில் ஏறினான்.

ஸ்பீக்கரில் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"ரதி... தடியைத் தேட ஆள் அனுப்பிட்டேன். உங்க தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போக நீங்களே வாங்க."

"வரேன் சார். அவன்கிட்ட 'மன்னிச்சுக்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல நீங்களும் ரெடியா இருங்க."

"சொல்றேன்ம்மா. அந்தப் பெட்டியையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. அது எனக்கு வேணும்."

ரதி அலமாரியைத் திறந்தாள். பெட்டியை எடுத்து, மேலே இருந்த தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்தாள். இருபது வருடத் தொழிலில் அப்படி ஒரு திரையை அவள் மரியாதையாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியது. அதையும் அதே சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"கொண்டு வரேன் சார்... பொறந்ததிலேர்ந்து இப்பதான் இது ஒரு ஆளைச் சரியான இடத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்திருக்கு!"