மழை நாளில் இஸ்துக்கும்

மூன்று மாதம் பூட்டிக் கிடந்த மையத்தை அன்று காலைதான் திறந்தார்கள். சதுரங்கப்பட்டினம் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவே யாரோ ஆசையாகக் கட்டிய பழைய பங்களா அது. இப்போது புது மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கும் இடம். நர்ஸ் சகுந்தலா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். ஃபினாயில் வாடையையும் மீறி ஈரச் சுவரின் வாடை மூக்கில் ஏறியது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

வார்டில் ஒன்பது பேர் பச்சைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள், காசுக்காக வந்த, கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆட்கள். பீட்டா பிளாக்கர் என்ற மாத்திரையை விழுங்கிவிட்டு இவர்கள் சைக்கிள் மிதிக்க வேண்டும். இதயத் துடிப்பு எவ்வளவு தணிகிறது என்று சகுந்தலா எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆறாம் கட்டில் மட்டும் காலி. போன ஆடியில் அதில் படுத்திருந்த பெயிண்டர் ஏசுபாதம், மாத்திரை போட்ட இரண்டாம் மணி நேரத்தில் மூச்சு அடைத்துச் செத்துப்போனான். மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஏசுபாதம் தன் நோயை மறைத்துவிட்டார் என்று எழுதி ஃபைலை மூடினார்கள். சகுந்தலாவும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

முதல் கட்டிலில் இருந்த துரையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

உள்ளே விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் இழுத்தது.

"இன்னா சிஸ்டர், உள்ள சினிமாவா ஓடுது? இம்மா நேரம் கேட்டுகினு கீறீங்க?" என்று சிரித்தான் துரை. அவன் மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது.

அடுத்த கட்டில்காரனுக்கு வைத்தாள். அதே சத்தம். அதற்கடுத்தவனுக்கும் அதுவேதான். காதிலிருந்து எடுத்தால் ஒன்றுமில்லை. திரும்பி நின்று தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தாள்.

அங்கேயும் இழுத்தது.

பதறிப்போய்க் கருவியைக் கழற்றி மேசையில் போட்டாள். சத்தம் நிற்கவில்லை. இப்போது அது வார்டுக்குள்ளேயே, ஆறாம் கட்டில் பக்கமிருந்து வந்தது. கட்டிலின் விளிம்பில் விரிப்பு அமுங்கியிருந்தது, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போல.

"மய நாள்ல கொஞ்சம் இஸ்துக்கும் சிஸ்டர்…"

அந்த வார்த்தை. அட பாவி மனுஷா, அதே வார்த்தை! ஆட்களைத் தேர்ந்தெடுத்த நாளன்று ஏசுபாதம் மறைக்கவே இல்லை. இப்படித்தான், வெட்கத்தோடு, மெல்லச் சொன்னான். சகுந்தலா தென்காசிக்காரி. கால் நரம்பு இழுத்துப் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள். எங்கே இழுக்கும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வாசல்வரை வரிசை நின்றதில் அதைக் கேட்காமல் 'தசைப்பிடிப்பு' என்று எழுதிவிட்டாள். அவன் செத்த பிறகு, பெருக்க வரும் வேண்டா என்பவள்தான் சொன்னாள்: "இஸ்துக்கும்னா வீசிங்கு சிஸ்டர். இங்க அப்டித்தான் சொல்றது." வேலை போய்விடும் என்ற பயத்தில் சகுந்தலா வாயைத் திறக்கவில்லை.

இனி முடியாது. யாருக்கும் மாத்திரை கொடுக்காமல், நடந்ததை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தாள். மழையில் நனைந்தபடியே ஏசுபாதத்தின் வீட்டுக்குப் போனாள்.

அவன் மனைவி ஷாரோன் துண்டை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளக் கூசியது சகுந்தலாவுக்கு. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவர் பொய் சொல்லலம்மா. எங்கிட்ட சொன்னாரு. எனக்குத்தான் புரியல. புரிஞ்ச பிறகும் வாயத் திறக்கல."

ஷாரோன் சுவரில் மாட்டியிருந்த புருஷன் போட்டோவைப் பார்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து அழுதாள்.

"மூணு மாசமா பொய்க்காரன்னு போட்டோவ பாத்துத் திட்டிகினு கீறனே! மறைச்சிட்டுப் போய் செத்தியேடா, எங்கள நடுத்தெருவுல வுட்டியேடான்னு… நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"



அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சுவரோரம் விரித்திருந்த வெறும் பாயிலிருந்து.

சகுந்தலா வாசல் பக்கம் பின்வாங்கினாள். ஷாரோன் முகத்தில் பயமே இல்லை.

"உனக்கும் கேக்குதா? மய வந்தா வூட்டுக்கு வந்துரும். உசுரோட இருந்தப்போ முதுகத் தேச்சி வுடுவேன், அடங்கும். செத்தப்புறம்… கோவத்துல கிட்டயே போவல நான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயருகே மண்டியிட்டாள். ஒன்றுமில்லாத இடத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தேய்க்கத் தொடங்கினாள். "அவ்ளோதான்… அவ்ளோதான்… மெதுவா வுடு" என்று முணுமுணுத்தாள்.

இழுப்பு கொஞ்சம் தணிந்தது. நிற்கவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஷாரோன் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்குக் கை ஓஞ்சி போச்சி. நீ கொஞ்சம் தேய்."

சகுந்தலா பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். வெறும் காற்றில் கை எதிலோ பட்டு நின்றது. உள்ளங்கைக்குக் கீழே வியர்வையில் நனைந்த ஒரு சட்டை. அதற்குள்ளே விலா எலும்புகள், ஏறி இறங்கிக்கொண்டு.