படகிலிருந்து இறங்கியவர்கள்

குகைப் படகிலிருந்து இறங்கி, ஈரப் பலகையைத் தாண்டி, கண்ணைக் கூச வைக்கும் மத்தியான வெயிலில் இரண்டு அடி வைத்ததும் கணவன் சொன்ன முதல் வாக்கியத்திலேயே ஒரு சின்னப் பிசகு இருந்தது.

"நாங்க ரொம்ப நேரம் உள்ள இருந்துட்டோம் இல்ல?"

அவளிடம்தான் சொன்னான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவளும் அதே படகில், அதே பலகையில், அவன் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்து வந்தவள்தான்.

"நாங்களா? அப்ப நான் யாரு, துடுப்பா?"

அவன் சிரிக்கவில்லை. கேட்காதவன் போல, குகை வாயை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான்.

அவள் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறவள். போன மாதம்தான் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தாள். 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. பேசும்போது யாரும் இதை யோசித்துச் சொல்வதில்லை. நாக்கே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் உறுத்தியது.

அந்த வார்த்தைக்கு இன்றைக்கு இன்னொரு கனமும் இருந்தது. அவன் லிஃப்ட் பொருத்துகிற மெக்கானிக். பதினான்கு மாதமாக வேறு ஊரில், கட்டி முடியாத மாடிகளுக்கு நடுவில் வேலை. ஃபோனில் பேச்சு குறைந்து, 'சாப்பிட்டியா' என்ற ஒற்றைக் கேள்விக்கு வந்து, அதுவும் நின்றுபோன பிறகு, காரை எடுத்துக்கொண்டு ஆறு நாள் சும்மா சுற்றுவது, முடியும்போது சேர்ந்திருப்பதா விலகுவதா என்று சொல்லிவிடுவது எனப் பேசி வைத்திருந்தார்கள். இன்று நான்காம் நாள். காலையில் இந்தத் தீம் பார்க்கில் வண்டியை நிறுத்தும்போது, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே கேட்டான்: "நாம மறுபடியும் ஒரே வீட்டுல இருந்தா என்ன?" அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்த 'நாம'வை வாயில் ஒதுக்கிய மிட்டாய் மாதிரி சாயங்காலம் வரை கரையாமல் வைத்திருக்கலாம் என்று நினைத்தாள்.

இப்போது நாக்கு வறண்டிருந்தது.

குகைக்குள் பாதி வழியில் படகு நின்றதை நினைத்துப் பார்த்தாள். எட்டுப் பேர் உட்காரும் படகில் அவர்கள் இருவர் மட்டும். பொம்மைகளின் பாட்டு ஒரு சொல்லின் நடுவில் அறுந்து, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, தேங்கிய தண்ணீரும் துருப்பிடித்த இரும்பும் ரொம்ப நாள் மூடிக் கிடந்த அறையும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்து மூக்கில் ஏறியது. நாலு நிமிடம் இருக்கும். அப்போது படகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. யாராவது கரையிலிருந்து கால் வைத்தால் சாயுமே, அந்த மாதிரி. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். அதற்கப்புறம் மறுபடியும். தண்ணீரின் அசைவு என்று நினைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் மெதுவா நட," என்றான் அவன் இப்போது. "நாங்க வர வேணாமா?"

நின்றாள். அவன் கூட்டத்தை ஒட்டி ஓரமாக நடந்து வந்தான். நாலு அடிக்கு ஒருமுறை பின்னால் பார்த்தான். குறுகலான வளைவு வாசலில் நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத இடைவெளியை உள்ளே போக விட்டான். காத்திருந்தான். பிறகு தான் வந்தான்.

பெரிய ராட்டினத்தின் அடியில் அவனைச் சீண்டிப் பார்த்தாள். எந்த ராட்டினத்தைக் கண்டாலும் முதலில் போல்ட்டை எண்ணுகிற ஆள் அவன். காலையில்கூட ஒரு குதிரை ராட்டினத்தின் அச்சை அரை மணி நேரம் முறைத்துவிட்டுத்தான் ஏறினான்.

"என்ன லிஃப்ட்காரரே, இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன் கிடையாதா?"

"சும்மா இரு, சிவப்புப் பேனா," என்றான். குரல் அவனுடையதுதான். அந்தப் பட்டப்பெயர் வைத்ததும் அவன்தான். ஒரு நொடி அவள் நெஞ்சு இளகியது. அதற்குள், "நாங்க களைச்சுட்டோம். எங்கயாவது உக்காரணும்," என்றான்.

சாப்பாட்டுக் கூடத்தில் நீளமான மர பெஞ்சின் ஒரு நுனியில் உட்கார்ந்தான். எண்ணெய் வாடை, தட்டுகளின் சத்தம், எங்கோ உயரத்தில் வளைந்து ஓடும் ரயிலிலிருந்து அலை அலையாக விழும் கூச்சல். வெயிலில் முக்கால் மணி நேரம் நடந்தும் அவன் சட்டை முதுகோடு ஈரமாக ஒட்டியிருந்தது. வியர்வை இல்லை. கிட்டப் போனால் அந்தக் குகை வாடை.

தட்டோடு இடம் தேடி வந்த ஒரு பெரியவர் பெஞ்சின் காலி நீளத்தைக் காட்டி, "இங்க உக்காரலாமா தம்பி?" என்றார்.

"ஆள் இருக்காங்க," என்றான் அவன்.

பெரியவர் பெஞ்சைப் பார்த்தார். சிரிக்க நினைத்தவர் மாதிரி உதட்டை விரித்தவர், முழங்கால் பெஞ்சைத் தொடும் தூரத்துக்கு வந்ததும் நின்றார். வைக்க நீட்டிய தட்டை மார்போடு இழுத்துக்கொண்டார். சட்டென்று திரும்பி வேறு பக்கம் போய்விட்டார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லையே. ஃபோட்டோ எடுத்திருப்பான் இல்ல, வா பாக்கலாம். எங்களுக்கு ஒண்ணு வேணும்."

குகைப் படகு வெளியே வரும் இடத்தில் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்று உண்டு. பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண் நேரத்தைக் கேட்டுத் திரையில் படத்தைக் கொண்டுவந்தாள். அவன், அவள். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். பின்னால் மூன்று வரிசைப் பலகைகள், காலி. எல்லாம் சரியாக இருந்தது. நின்றிருந்த மூச்சு அவளுக்கு வந்தது.

"எல்லாரும் நல்லா விழுந்திருக்கோம்," என்றான் கணவன்.

விரலைத் திரையில் வைத்தான். காலிப் பலகைகளின் மேல். ஒரு இடத்தில் வைத்து, புன்னகைத்து, எடுத்து, பக்கத்தில் வைத்தான். சொந்தக்காரர் கல்யாணப் படத்தில் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டுவது மாதிரி. அடுத்த வரிசைக்குப் போனான். அதற்கடுத்த வரிசைக்கு.

கவுண்டர் பெண் அவனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க படகுல ரெண்டு பேர்தானே ஏறுனீங்க?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, எட்டுப் பேர் ஏறுனாக்கூட தண்ணி படகுல போட்டிருக்குற மஞ்சக் கோட்டுக்குக் கீழதான் நிக்கும்."

மஞ்சள் கோடு படத்தில் தெரியவில்லை, அது தண்ணீருக்குள் போயிருந்தது. படகின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் நின்றது. முன்னால் இருவர். பின்னால் ஒன்றுமில்லாதது. அதன் பாரத்தில் படகின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது.

அவனை இழுத்துக்கொண்டு சுவரோரம் வந்தாள். கை சில்லென்று இருந்தது.

"நாங்க நாங்கன்னா யாருங்க? சொல்லுங்க."

"உள்ள இருந்தவங்க." ரொம்ப மென்மையாகச் சொன்னான், அவளுடைய அறியாமைக்கு இரங்குகிறவன் போல. "பாவம், எத்தனை நாளா நின்னுக்கிட்டே இருந்திருக்காங்க தெரியுமா. இறங்க வழி தெரியல. யாராவது கூப்பிட்டாத்தான் வருவாங்களாம்."

"நானும் உங்க பக்கத்துலதானே இருந்தேன்."

"இருந்த." யோசித்தான். "ஆனா நீ இன்னும் வரலையே."

கார்ச் சாவி அவள் பையில் இருந்தது. போய்விடலாம். திரும்பிப் பார்க்காமல் நடந்து, வண்டியை எடுத்து, நேராக வீடு. அந்த நினைப்பு வந்ததும் காலையின் குரல் காதில் விழுந்தது: ஒரே வீட்டுல இருந்தா என்ன. பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்ததை ஒரு படகில் விட்டுவிட்டுப் போவதா. இங்கிருந்து வெளியே கொண்டுபோய்விட்டால் போதும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். டாக்டரிடம் காட்டலாம்.

"வாங்க, கிளம்பலாம்," என்றாள். "நான் ஓட்டுறேன்."

வண்டிகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சூடான தார் வாடை. அவள் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாள். அவன் முன்கதவுக்கு வரவில்லை. பின்கதவைத் திறந்தான். திறந்து, ஓரமாக நின்று, கதவுச் சட்டத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டான். லிஃப்ட் கதவு மூடாமல் இருக்கப் பொத்தானை அழுத்துவானே, அதே மாதிரி.

"உள்ள தள்ளி உக்காருங்க," என்றான். "இன்னும் தள்ளி. எல்லாருக்கும் இடம் இருக்கு."

கார் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

மறுபடியும்.

ஸ்பிரிங் முனகியது. இருக்கைத் துணி ஏதோ ஒரு எடைக்கு வழிவிட்டு நெரிந்தது. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்த ஒரு கீறலைப் பார்த்தாள். மறுபடியும். மறுபடியும். காரின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. குகை வாடை தோளுக்குப் பின்னால் நிறைந்து, கழுத்தில் படிந்தது. ஈரமான வெதுவெதுப்பு. வந்து போனது. வந்து போனது.

மூச்சு.

பின்கதவு மூடியது. அவன் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பெல்ட் போட்டான். முகத்தில் களைப்பு நீங்கி, நல்ல வேலை ஒன்றை முடித்தவனின் அமைதி. பின்னால் திரும்பி எதையோ கேட்டுக்கொண்டான். தலையாட்டினான். அவள் முழங்கை மேல் கை வைத்தான்.

"சரி. நாம போலாம்."

நாம.

மத்தியானம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏங்கினாள். இப்போது அது தன்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்ட ஓசையைக் கேட்டாள்.

இறங்க முடியவில்லை. கால் நகரவில்லை. முழங்காலுக்கு மேல் ஏதோ கனத்தது. பாதம் மட்டும் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. வண்டி அரை நடை வேகத்தில் தரையை உரசிக்கொண்டு வெளிவாசலுக்குப் போனது.

தடுப்புக் கம்பத்தின் அருகே கத்தரியோடு ஒரு காவலாளி. வெளியே போகிறவர்களின் மணிக்கட்டில் உள்ள காகிதப் பட்டையை வெட்டி வாங்கிக்கொள்வது அவர் வேலை.

"எத்தனை பேரும்மா?"

"ரெண்டு." அவள் உதடுகள்தான் அசைந்தன.

இருவர் பட்டையையும் வெட்டினார். வழக்கமாகப் பார்க்கிற பார்வையில் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. சுட்டுவிரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்.

விரல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. திரும்பி வந்தது. கொஞ்சம் மேலே ஏறி மறுபடி போனது. தலைகளுக்கு மேலே. கூரைக்கு அடியில். கீழே, கால் வைக்கும் இடத்தில். உதடுகள் நிற்காமல் அசைந்தன. நிறம் வடிந்துகொண்டே வந்தது அந்த முகத்தில். விரல் மட்டும் நிற்கவில்லை. முன்சீட்டுக்கு வந்தது. அவனை எண்ணியது. அவளை எண்ணியது.

பிறகு அவள் மடியை.

மடியிலேயே மூன்று முறை அசைந்தது.

கம்பம் உயர்ந்தது. வண்டி தானாக நகர்ந்த மாதிரி சாலையில் ஏறியது. பின்கண்ணாடி முழுக்க உள்பக்கமாக வெள்ளைப் பனி பூத்திருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில், பளீரென்ற வெயிலில், காவலாளி சாலையின் நடுவில் வந்து நின்றிருந்தார். ஒரு கையில் கத்தரி. மறு கை அவர்களை நோக்கி நீண்டிருந்தது. அந்த விரல் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.