இணைப்பில் இன்னொருவர்

ஒருவர்தான் இணைந்திருக்க வேண்டும். பட்டியலில் இரண்டு பேர் இருந்தார்கள்.

மதிய இடைவேளையில் அலுவலகம் காலியாகக் கிடந்தது. ஏசி மட்டும் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது; யாரோ பாதியில் விட்டுப்போன காபியின் புளித்த வாடை மேசைகளுக்கு நடுவே சுற்றி வந்தது. இந்த அலுவலகக் கணினிகளுக்குள் வேண்டாதவர் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. அவனே இப்போது வீட்டில் இருக்கும் மனைவியின் கணினிக்குள் இங்கிருந்தபடி திருட்டுத்தனமாக நுழைந்திருந்தான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தூரத்திலிருந்தே இன்னொரு கணினிக்குள் இணைய விடும் மென்பொருள்; வெளியாள் இணையும்போதெல்லாம் ‘அனுமதிக்கலாமா?’ என்று அது அவளிடம் கேட்கும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தக் கேள்வியை அவன் முன்பே அணைத்து வைத்திருந்தான். கொஞ்ச நாளாகத் திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள். யாரிடம் என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இதோ, பட்டியலில் இரண்டாவதாக அந்த யாரோ. மாட்டிக்கொண்டான் என்று ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. பெயரைப் பார்த்தான். அவனுடைய பெயரேதான். அவன் கணக்கு. ஆனால் இணைந்திருப்பது வீட்டுக்குள்ளிருந்து.

அவள் கணினியின் கேமராவைத் திறந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். அவனிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. அவள் தோளில் ஒரு கை இருந்தது. கட்டம் போட்ட சட்டைக் கை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அதே கட்டம்.

அவளுக்குப் போன் போட்டான். திரையில் அவள் எடுத்தாள்.

“யாருங்க?”

“நான்தான். பக்கத்துல யாரு?”

“எந்த நான்?” சிரிப்பு நின்றது. “பக்கத்துல ஆள் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

அவள் திரும்பினாள். “ஏங்க, யாரோ நம்மளப் பாத்துட்டு இருக்கான்.”

சட்டைக்காரன் கேமராவை நோக்கிக் குனிந்தான். தினமும் சவரம் செய்யும்போது அவன் பார்க்கும் முகம்.

அம்புக்குறி நகர்ந்தது. மெதுவாக. பட்டியலில் அலுவலகத்திலிருந்து இணைந்திருந்த பெயரின் மேல் போய் நின்றது. ‘நீக்கலாமா?’ என்று திரை கேட்டது. இந்தக் கேள்வியை அவன் அணைத்திருக்கவில்லை.

“நீயே அமுக்கு,” என்றது போனில் அவனுடைய அதே குரல்.

அவள் அமுக்கினாள்.

திரை கறுத்தது. ஏசி சத்தம் இல்லை. காபி வாடை இல்லை. கறுத்த கண்ணாடியில் பின்சுவர் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.