கைச்சுற்று

பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் ஐப்பசி மேகம் கவிந்து, புளியங்குடி ரோட்டில் வரும் பஸ்களெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. சங்கரன்கோவிலிலிருந்து சைக்கிளில் ஏணியைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்த லைன்மேன் மூக்காண்டியும், கூட வேலை பார்க்கும் இப்ராஹீமும், அந்த இரும்புக் கம்பத்தின் அடியில் நின்றார்கள்.

கம்பத்தின் மேலே ஒரு தகரப்பெட்டி. சுற்றுவட்டாரத்து டெலிபோன் கம்பிகள் அதற்குள்தான் வந்து கூடுகின்றன. தண்ணீர் புகாமலிருக்க மூடியின் விளிம்பில் ரப்பர். பெட்டியைக் கம்பத்தோடு பிடித்து நிறுத்த, துருப்பிடிக்காத பூச்சுள்ள ஒரு இரும்புப் பட்டை. பட்டைக்கு நான்கு நட்டு. அந்த நான்கையும் மூக்காண்டி இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை இறுக்கிவிட்டான். மறுநாளே தளர்ந்துவிடுகின்றன. துருவும் இல்லை, திருகுப் புரியும் தேயவில்லை. யாரோ சாவகாசமாக உட்கார்ந்து கழற்றியதுபோல இருந்தது.

“இன்னிக்கு வேண்டாம் அண்ணாச்சி. மேகம் கலைஞ்சு வானம் வெறிக்கட்டும்,” என்றான் இப்ராஹீம்.

“எலுமிச்ச மண்டிக்காரரு போன் வேல செய்யலன்னு ஆபீசுல வந்து கத்திட்டுப் போயிருக்காரு. ஏணியப் பிடி வே.”

ஏணி குட்டை. பெட்டி எட்ட வேண்டுமானால் அந்தப் பட்டையில்தான் கால் வைத்து நிற்க வேண்டும். கூடாது என்பது சட்டம்; நிற்காத லைன்மேன் கிடையாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏறுகிறவன் ‘இறுக்கியாச்சா?’ என்று கேட்பான். பட்டையை மாட்டியவன் ‘இறுக்கியாச்சு’ என்று சொன்ன பிறகுதான் கால் வைப்பான்.

போன ஐப்பசியில் இதே கம்பத்தில் ஏறும்போது, கூட வேலை பார்த்த மூத்த லைன்மேன் சிவனாண்டி கேட்டான். மூக்காண்டி ‘இறுக்கியாச்சு’ என்றான்.

பொய்.

பட்டைக்குப் போட வேண்டிய ரப்பர் வாஷர் அன்று வந்து சேரவில்லை. வந்ததும் எப்படியும் கழற்றத்தானே வேண்டும் என்று, நட்டுகளைக் கையால் சுற்றியதோடு விட்டிருந்தான். சோம்பேறி என்று பேர் வந்துவிடுமே என்று பொய்யும் சொன்னான். பட்டை புரண்டது. சிவனாண்டி தலைகுப்புற விழுந்து அங்கேயே செத்தான். விசாரணையில் பழி காற்றின் தலையில் விழுந்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று மூக்காண்டி திறக்கவில்லை. ஒரு வருஷமாக அவனுக்குச் சோறும் தூக்கமும் சரியில்லை.

ஏணியின் நுனியில் நின்று நட்டுகளைத் தொட்டுப் பார்த்தான். நான்கும் கைச்சுற்றில்தான் இருந்தன. ஸ்பேனரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நான்கையும் இறுக்கினான். பிறகு பட்டையில் ஏறி நின்று பெட்டியைத் திறந்தான்.

உள்ளே ஈரத்துணியும் பீடியும் கலந்த வாடை அடித்தது. சோதனைப் போனின் முனைகளைக் கம்பியில் மாட்டிக் காதில் வைத்தான்.

போனுக்குள் மழை பெய்தது. வெளியே இன்னும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

மழைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

“இறுக்கியாச்சாலே?”

அதே நேரம், முந்தின நாள் மழையில் ஊறிய கரிசல் சேற்றில் ஏணிக் கால் புதைந்து சரிந்தது. ஏணியோடு இப்ராஹீம் ரோட்டோரப் பள்ளத்துக்குள் போய் விழுந்தான். மூக்காண்டி கம்பத்தைக் கட்டிக்கொண்டான்.

“இறுக்கியாச்சு,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

காலுக்கடியில் ஒரு நட்டு சுழன்றது. நிதானமாக, புரி புரியாக.

கீழே சேற்றில் விழுந்தது.

“இறுக்கியாச்சாலே?”

“இறுக்கியாச்சு அண்ணாச்சி! இப்பத்தான...”

இரண்டாவது நட்டு விழுந்தது. பட்டை ஒரு விரற்கடை சாய்ந்தது.

மூன்றாவது சுழலத் தொடங்கியது.

“இறுக்கல!” மூக்காண்டி கதறினான். “அன்னிக்கு இறுக்கல அண்ணாச்சி! கையாலதான் சுத்தி வச்சிருந்தேன். ஒங்கள நான்தான் கொன்னுட்டேன்!”

நட்டு நின்றது. போனுக்குள் மழையும் நின்றது.

இப்ராஹீம் எழுந்து வந்து மறுபடி ஏணியைச் சாத்தினான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

“இப்ப என்ன செய்யப் போறீய?”

“அண்ணாச்சி பெண்டாட்டி பேச்சிகிட்ட சொல்லணும். பொறவு ஆபீசுல. வேல போனாப் போகுது,” என்றான் மூக்காண்டி. சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்தது.

வழியில் நிஜ மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு அவன் சிவனாண்டியின் வீட்டு வாசலில் தொப்பலாக நின்றான். பேச்சி கையில் துண்டோடு காத்திருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. தலையத் துவட்டுங்க.”

“பேச்சி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லிட்டாவ.”

“யாரு?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவியதான். நீங்க உண்மைய ஒத்துக்கிட்டியளாம். ஒரு வருசமா தெனம் எலையில சோறு வைக்கேன், தொட்டதே இல்ல. இன்னிக்குத்தான் வந்து உக்காந்திருக்காவ. ஒங்களையும் சாப்பிடக் கூப்பிடுதாவ.”

உள்ளே இரண்டு இலை போட்டிருந்தது. ஒன்றில் சோறு அப்படியே இருந்தது. மற்றதில் பாதி இல்லை. அந்த இலைக்குப் பக்கத்திலிருந்த செம்பில், யாரும் தொடாமலே, தண்ணீர் மடக்கு மடக்காகக் குறைந்துகொண்டிருந்தது.