தெற்கே பார்த்த இலை

வீட்டில் இருந்தது மூன்று பேர். மாமியார் அறுத்து வரச் சொன்னதோ நான்கு இலை.

தாணம்மாளுக்குக் கொட்டாரத்தில் அது முதல் நாள். பினாங்கில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, திருநெல்வேலி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தவளுக்குத் தரை இன்னும் ஆடிக்கொண்டே இருந்தது. பிறந்து வளர்ந்தது ஈப்போவில். அஞ்சுகிராமத்திலிருந்து மலேயாவுக்குப் போன அவளுடைய அப்பா, சுசீந்திரத்துச் சாமியின் பெயரை மகளுக்கு வைத்ததோடு ஊருக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று இருந்துவிட்டார். அதனால் இருபத்தாறாவது வயதில், 1951 புரட்டாசியில், எல்லோரும் சொந்த ஊர் என்று சொன்ன இடத்தில் அவள் சீமைக்காரி மாதிரி வந்து இறங்கினாள். யாரோ விருந்தாளி வருகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, நான்கு இலையையும் கழுவிக் கொடுத்தாள்.

விருந்தாளி யாரும் வரவில்லை. மாமியார் மீனாட்சியம்மாள் முதலில் ஆண்களுக்கு என்று நடுவீட்டில் இரண்டு இலை போட்டாள். வாசல் பக்கத்து இலையில் அவளுடைய ஒரே மகன் வள்ளிநாயகம் உட்கார்ந்தான். இன்னொரு இலை ஜன்னலோரம், நுனி தெற்கே பார்த்துக் கிடந்தது. இரண்டிலும் ஒரே அளவு சோறு, ஒரே தீயல், ஒரே அவியல். பரிமாறிவிட்டு அவள் பின்வாசலில் போய் நின்று, வைக்கோல் படப்பைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மக்கா, வள்ளீ! சாப்பிட வா."

வள்ளிநாயகம் சிரித்துவிட்டான். "நான் இங்கதானம்மா இருக்கேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ உண்ணு," என்றாள். "உன்னையில்ல."

பதினான்கு வருஷம் கழித்து வந்த மகனைக் கண்ட தாய்க்கு மூளை கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும் என்று தாணம்மாள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனதும், மீனாட்சியம்மாள் வாசல் பக்கத்து இலையைச் சுருட்டி மாட்டுக்குப் போட்டாள். பிறகு ஜன்னலோரத்து இலையைக் காட்டினாள்.

"உன் மாப்பிள்ளைக்க எலை. இருந்து உண்ணு, ஏட்டி."

புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது தாணம்மாளுக்குப் புதிதில்லை. ஈப்போவில் அவளுடைய அம்மா கடைசிவரை அப்படித்தான் சாப்பிட்டாள். ஆனால் இது அவர் சாப்பிட்ட இலை இல்லையே? முதல் நாளே மாமியாரை எதிர்த்துப் பேசியவள் என்று பேர் வாங்குவானேன்? உட்கார்ந்தாள். இலையில் பாதிச் சோறு குறைந்திருந்தது. மீதிப் பாதி, பெண்டாட்டிக்கென்று ஒதுக்குவார்களே, அதே மாதிரி ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. இப்போதுதான் ஆவி பறக்க வடித்த சோறு சில்லென்றிருந்தது. உப்பு இல்லை, புளி இல்லை, காரம் இல்லை. மென்றுகொண்டே இருந்தால் கருகிய புல்லின் மணம் மட்டும் மூக்குக்கு ஏறியது. மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாள்.

மீனாட்சியம்மாள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லது," என்றாள்.

வள்ளிநாயகத்தை இந்த ஊருக்கு வரச் சொல்லி யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தோரு வயதில் மலேயாவுக்கு, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போனவன். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனான். வலது காலில் இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு, மலேரியாவோடும் சீதபேதியோடும் திரும்பி வந்தான். எழுந்து உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுத 1947 ஆகிவிட்டது. நாலு மாதம் கழித்து யாரோ எழுதிக் கொடுத்த பதில் வந்தது. 'இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ அங்கேயே இருந்துகொள்.' இருவர் என்றால் அம்மாவும் பசுவும் என்று சொல்லி அவன் சிரித்தான். மறு வருஷம் தாணம்மாளைக் கட்டினான். கம்யூனிஸ்ட் கலகத்தில் தோட்டங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு, அப்பாவையும் அம்மாவையும் பறிகொடுத்துவிட்டு நின்ற பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். அவளுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவன்தான்.

அந்த ஆள் அவள் கண்முன்னாலேயே இளைக்க ஆரம்பித்தான்.

மூன்று வேளையும் வயிறாரத் தின்றான். கேட்டு வாங்கித் தின்றான். ஆனாலும் பத்தாம் நாள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இருபதாம் நாள் கன்னம் ஒட்டிவிட்டது. கடைத்தெருவுக்குப் போனால், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சாமான் கொடுத்த பிறகுதான் கடைக்காரர் அவன் நிற்பதைக் கவனித்தார். தெருவில் எதிரே வந்தவர்கள் விலகவில்லை, இவன்தான் விலகினான். "ஊருக்கு என்னை மறந்து போச்சு தாணு," என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

மத்தியானம்தான் மோசம். காலையெல்லாம் அந்த வீடு சாதாரண வீடுதான்; பசு கத்தும், தெருவில் வண்டி போகும், பக்கத்து வீட்டில் உரலில் மாவு இடிப்பார்கள். வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்து நிழலெல்லாம் சுவரோடு சுருங்கும் நேரத்தில் அத்தனை சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கும். மாமியார் பின்வாசலில் நின்று கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. பிறகு படப்புப் பக்கம், காற்றே இல்லாத வேளையில், காய்ந்த புல் ஒன்றோடொன்று உரசுவது போலச் சரசரப்பு கிளம்பும். கிணற்றடியில் வாளி ஒரு தரம் முட்டும். தண்ணீர் சிந்தும். அந்தச் சரசரப்பு அடுக்களைச் சுவரையொட்டி மெதுவாக, பசித்து வருகிறவனின் அவசரம்கூட இல்லாமல், சொந்த வீட்டுக்குள் வருகிறவனின் நிதானத்தோடு வந்து நடுவீட்டில் நிற்கும்.

ஒருநாள் ஈரக் கால்தடங்களைப் பார்த்தாள். கிணற்றடியிலிருந்து ஜன்னலோரத்து இலை வரைக்கும் சிவப்புத் தரையில் வரிசையாகப் பதிந்திருந்தன. வள்ளிநாயகத்தின் நடை அவளுக்குத் தெரியும். வலது குதிகாலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வைப்பான். இதுவும் அதே சாய்வு. குனிந்து எண்ணினாள். வலது காலில் ஐந்து விரல். இடது காலிலும் ஐந்து. வள்ளிநாயகம் உள்ளறையில் படுத்திருந்தான்.

அன்று சாயங்காலம் தொழுவில் சாணம் அள்ள வந்த இசக்கி, இத்தனை நாளும் தலைநிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள், பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, கோவப்படாண்டாம். முதல் நாளு எந்த எலையில இருந்து உண்டிய?"

"அவர் இலைன்னு அத்தை காட்டினாங்க. ஜன்னல் பக்கம்."

இசக்கி கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். சண்டை முடிந்த மறு வருஷம், கப்பலில் வந்த ஒருவன், வள்ளிநாயகத்தைச் சயாமில் புதைத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். உடல் இல்லை. அதனால் தர்ப்பைப் புல்லில் ஆள் கட்டி, வேட்டி உடுத்தி, பேர் சொல்லி அழுது, சுடுகாட்டில் வைத்து எரித்தார்கள். பதினாறும் கழித்தார்கள். அன்றிலிருந்து பெரியம்மை மீனாட்சியம்மாள் தினமும் இலை போடுகிறாள்.

"பொறவு கடுதாசி வந்துச்சு. காரியம் செஞ்ச ஆளு உயிரோட வந்தா வந்த அன்னைக்கே எண்ண தேச்சுக் குளிப்பாட்டி, புதுசாப் பிறந்த பிள்ளைக்குப் போல வேற பேரு விடணும். கெட்டின பெண்டாட்டிக்கே மறுபடி தாலி கெட்டணும். அப்பந்தான் மத்தது போவும். பெரியம்மை ஒண்ணும் செய்யல்லியே."

"மத்ததுன்னா?"

இசக்கி படப்புப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாணம்மாள் நேரே மாமியாரிடம் போனாள். மீனாட்சியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நாளைக்கே அவருக்கு வேற பேர் வைப்போம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். அவர் செத்துக்கிட்டிருக்கார், அத்தை."

"பேரு மாத்தினா அவன் போயிருவானே."

"போகட்டும்!"

"எங்க போவான்?" மீனாட்சியம்மாளின் குரலில் கோபமே இல்லை, அங்கலாய்ப்புத்தான் இருந்தது. "இவன், போக வேண்டாம் வேண்டாம்னு நான் அழ அழக் கப்பலேறிப் போனவன். அவன் அஞ்சு வருசத்துல ஒரு மத்தியானம் என்னைத் தனியா உண்ண விட்டதில்ல. நானும் தாயில்லியா, ஏட்டி? ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான். ஒருத்தன்தான் இருக்க முடியும்." அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "உனக்கும் அவன்தான். நீ உண்டவ."

மறுநாள் மத்தியானம் தாணம்மாள் அடுக்களைக் கதவிடுக்கில் நின்றாள். பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்க்காமலிருக்க முடியவில்லை.

கூப்பிடு குரல். சரசரப்பு. வாளி. ஈரத்தடம் ஒன்று, இரண்டு, மூன்று, நடப்பவர் யாருமில்லாமல், தரையில் பூத்துப் பூத்து வந்தது. இலைக்கு முன்னால் நின்றது. சோற்றுக் குவியலில் ஐந்து குழி விழுந்தது. குவியல் இரண்டாகப் பிரிந்தது. பாதி குறைந்தது. மிச்சப் பாதி மெதுவாக, பிரியமாக, ஒரு பக்கம் ஒதுங்கியது. பிறகு சரசரப்பு. உட்கார்ந்த இடத்திலேயே. கழுத்து திரும்புகிற மாதிரி. அடுக்களைக் கதவைப் பார்த்து.

விடியும் முன்பே அவனைத் தாங்கிப் பிடித்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அங்கிருந்து நெய்யூர் ஆஸ்பத்திரி. பட்டினி கிடந்த உடம்பு மாதிரி இருக்கிறதே என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். "சயாமில சாகாதவன் கொட்டாரத்திலயா சாகப் போறேன்?" என்றான் வள்ளிநாயகம். அவனை எட்டுக் கட்டில் போட்ட வார்டில் ஜன்னலருகே படுக்க வைத்தார்கள்.

அன்று மத்தியானம் அவன் குடித்த கஞ்சி அவன் உடம்பில் ஒட்டியது. மறுநாள் உப்பு போதவில்லை என்று குறை சொன்னான். உப்பு தெரிகிறதே! தாணம்மாள் நோயாளிகளின் வீட்டார் சமைக்கும் கொட்டகைக்குப் போய், அடுப்புப் புகையைச் சாக்காக வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். நர்ஸ் சத்தியபாய், "உங்க வீட்டுக்காரரு வாயாடி, சீக்கிரம் எந்திரிச்சிருவாரு," என்றாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். உடம்பு தேறியதும் மதுரைப் பக்கம் எங்காவது வேலை தேடலாம் என்று அவள் சொன்னாள். இனி மாமியார் முகத்தில் முழிப்பதில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வார்டில் தரை கழுவும் லைசால் மருந்தின் மணம். யாரோ இருமினார்கள். பிறகு இருமல் நின்றது. பக்கத்துக் கட்டில்காரரின் முனகல் நின்றது. வெளியே காக்கைகள் நின்றன.

வராந்தாவில் தூக்குச்சட்டி திறக்கும் சத்தம். தீயல் மணம்.

"அம்மா, வராந்தாவுல எலை போடக் கூடாது," என்றது சத்தியபாயின் குரல். "எந்த நோயாளிக்கு?"

"நோயாளிக்கு இல்ல மக்களே. என் மவனுக்கு." தொண்டையைச் செருமும் ஒலி. "மக்கா, வள்ளீ! சாப்பிட வா."

கட்டிலில் வள்ளிநாயகம் கண்ணைத் திறந்தான். தாணம்மாள் கஞ்சியைப் போட்டுவிட்டு அவன் கையைப் பற்றினாள். "பதில் சொல்லுங்க! நீங்க முதல்ல சொல்லுங்க! நான் இங்க இருக்கேன்னு சொல்லுங்க!" அவனுக்குப் புரிந்தது. பயந்துபோன கண்ணில் அது தெரிந்தது. முழு பலத்தையும் திரட்டி வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"வந்துட்டேம்மா."

அவன் குரல்தான். வராந்தாவிலிருந்து வந்தது.

"ஓ, இவரா உங்க மவன்?" சத்தியபாய் சிரித்துக்கொண்டே கேட்டாள். "சரி சரி, சீக்கிரம் உண்டுட்டு எலையை எடுத்துருங்க."

தாணம்மாள் திரும்பவில்லை. இரண்டு கையாலும் அவன் கையைப் பொத்திப் பிடித்தாள். தேய்த்தாள். வாயால் ஊதினாள். வெளியே ஒருவன் ருசித்து, நிதானமாகச் சாப்பிடும் சத்தம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"உங்க வீட்டுக்காரியா? உள்ளதான் இருக்கு. ஆளில்லாத கட்டில்ல உக்காந்து நாலு நாளா அழுவுது. கூட்டிட்டுப் போங்க."

காலடி. சரசரப்பு இல்லை. நல்ல, கனமான, மனிதக் காலடி. வலது குதிகால் கொஞ்சம் வெளியே சாய்ந்து. முதல் கட்டில். மூன்றாவது. ஏழாவது.

அவள் பிடித்திருந்த கை சில்லிட்டுவிட்டது. விடவில்லை. பின்னாலிருந்து இன்னொரு கை அவள் தோளில் விழுந்தது. கழுவிய ஈரம் காயாத கை.

"தாணு," என்றான். "வா ஏட்டி, வீட்டுக்குப் போவோம்."

அந்தக் கை கதகதப்பாக இருந்தது.