சால்வைக்கு இறங்கும் பால்

டெஸ்டரக்கா தகரப் பெட்டியோடு மாட்டுக்காரர் வீட்டில் வந்து இறங்கியபோது பிற்பகல் மணி மூன்று. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. முதல் கல்யாணம். வீடு போ போ, காடு வா வா என்கிற வயசில் இதெல்லாம் தேவையா என்று ஊர் வாயில் போட்டு மென்றது. மெல்லட்டும். பால் சங்கத்தில் பதினோரு வருஷம் அவர் கேனில் பால்மானியை விட்டு டெஸ்ட் பார்த்தவள் அவள். ஒருநாள்கூடத் தண்ணீர் கலக்காத மனுஷன். மனைவி இறந்துபோன பிறகு, பால் ஊற்றிவிட்டுப் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து போக ஆரம்பித்தார். அவ்வளவுதான் அவர்கள் காதல்.

வீட்டில் வைக்கோலும் ஈரச்சுவரும் கலந்த வாசனை. தொழுவத்தில் ஒற்றைப் பசு. தூணில் ஒரு சாம்பல் நிறச் சால்வை தொங்கியது.

"அவளோடது," என்றார். "இந்த மாடு அவ கைக்குத்தான் பால் விடும். அவ போனதும் அடக்கிக்கிச்சு. வாசனைக்கு இறங்கட்டும்னு நான் இதைப் போத்திக்கிட்டுக் கறக்கிறேன். மூணு வருஷமா துவைக்கல." பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க மட்டும் இதைத் தொடாதீங்க."

"ஏங்க?"

அவர் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்.

காலையில் அவரே டீ போட்டுக் கொடுத்தார். தனக்காக இன்னொருவர் அடுப்பு பற்றவைத்து அவள் பார்த்ததே இல்லை, அழுகை வந்துவிட்டது. நான்காம் நாள் 'நீங்க' போய் 'நீ' வந்தது. அவளுக்கு இந்தச் சந்தோஷம் பயமாகக்கூட இருந்தது.

ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல். எழவே முடியவில்லை. பசு காலையிலிருந்து கத்தியது. அவள் போய் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. மடி கல்லாகிவிட்டிருந்தது. இன்னொரு வேளை விட்டால் மடிநோய்தான். மாடு போனால் மனுஷனும் படுத்துவிடுவார்.

பிற்பகலிலேயே மழை இருட்டு.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்லிக்கொண்டு சால்வையைப் போர்த்தினாள். பழைய வியர்வை நாற்றம் மூக்கில் ஏறியது. பசு கத்துவதை நிறுத்திக் கண்ணை மூடியது. பால் சர்ரென்று இறங்கியது.

அவள் இரண்டு காம்பைத்தான் பிடித்திருந்தாள்.

வாளியில் நான்கு தாரை விழுந்தது.

"கட்டைவிரலை மடக்காதே," என்றது காதோரம் ஒரு பெண் குரல்.

வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அப்படிச் சிரித்தார். அவளிடம் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

"வந்துட்டியாடி? எவ்வளவு நாளாச்சு!"

"ஐயோ, நான்தாங்க!" சால்வையைப் பிய்த்து ஜன்னல் வழியாகச் சேற்றில் எறிந்தாள்.

அவர் சிரிப்பு அடங்கியது. மரியாதையாக வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "யாரும்மா? சங்கத்துலேர்ந்து வர்றீங்களா?"

நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் விட்டிருந்தது. கண் தெளிவாக இருந்தது.

"நீங்க கட்டிக்கிட்டவங்க நான். ஆறு நாள்தான் ஆகுது. நல்லாப் பாருங்க."

அவர் கூச்சத்தோடு கையை விலக்கினார். "என்னம்மா பேச்சு இது? என் வீட்டுக்காரி காதுல விழுந்தா தப்பா நினைப்பா. உக்காருங்க. பால் கறந்துட்டு வந்துடுவா."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சேற்றில் சால்வை இல்லை. தொழுவத்தில் வாளிக்குள் பால் விழும் சத்தம், சீராக, பழகிய கையின் வேகத்தில்.

என்ன சொல்லி அவருக்குப் புரியவைப்பது? யாரைக் கூப்பிடுவது? விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

சத்தம் நின்றது.

ஈரக்காலடி ஒன்று வாசல்படி ஏறியது. அவள் திரும்பவில்லை. எதிரே அவர் முகம் மலர்ந்தது.